பெரிய அதிகாரியைக் காக்க வைத்த குரல்

எங்கள் நந்திதுர்க் தங்கச் சுரங்க ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த பெண்மணியை எல்லோரும் ‘அம்மா’ என்போம்; ஒல்லியாக, நல்ல உயரமாக இருப்பார். பக்கத்து மேஜையில் நான் கிளார்க். போனில் ‘ப்ளீஸ்’ சொல்லும்போதெல்லாம், எதிரே ஆள் நிற்பதுபோலத் தலையைச் சற்றுத் தாழ்த்துவார்.

அறுபதுகளில் ஒரு நாள் காலை, பெங்களூரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் போனில் மேனேஜரைக் கேட்டார். அதே நேரத்தில் சுரங்கத்துக்குள்ளிருந்து இன்னொரு அழைப்பு. பாறை சரிந்து ஒரு தொழிலாளி சிக்கிக்கொண்டாராம்.

“ப்ளீஸ் ஹோல்ட் தி லைன், சார்” என்று அதிகாரியை நிறுத்திவிட்டு, அம்மா முதலில் டாக்டரை வரச் சொன்னார். பிறகு மேனேஜரைச் சுரங்கத்தோடு இணைத்தார். அதிகாரி கத்தியது எனக்கே கேட்டது.

“சாரி டு கீப் யூ வெயிட்டிங், சார்.” அம்மாவின் குரல் கொஞ்சமும் மாறவில்லை. மேனேஜரின் லைனையும் கொடுக்கவில்லை.

மதியத்துக்குள் அந்தத் தொழிலாளி உயிரோடு மேலே வந்துவிட்டார். ஆபீசே எழுந்து கைதட்டியது.

“அவ்ளோ பெரியவரு கத்துனாரே, பயமா இல்லீங்களாம்மா?” என்று கேட்டேன்.

“இன்னாத்துக்குப் பயம்? மரியாதையாத்தானே நிக்கச் சொன்னேன்!” என்று சிரித்தார்.

பிறகு எத்தனையோ பேரின் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டேன். ஒரு பெரிய மனிதரை அத்தனை பணிவாக நிறுத்தி வைத்தவரை இன்னும் பார்க்கவில்லை.