வாத்தியார் லெப்ரெக்ட் காலால் வாசித்த பாட்டு

எங்கள் ஊட்டன்பாக்கில் பள்ளிக்கூடமும் வேதக்கோயில் ஆர்கனும் ஒரே ஆளுக்குத்தான். ஆர்கன் கைவிட்டுப் போனால் பள்ளிக்கூடம் போகும், கூடவே வாத்தியார் வீடும் போகும். லெப்ரெக்டுக்கு முன் அவருடைய மாமனார், அவருக்கு முன் மாமனாரின் அண்ணன் என்று வாழ்ந்த வீடு அது. லெப்ரெக்டின் மனைவி ரோசினா பிறந்ததே அதன் பின்னறையில்தான்.

ஓர் இலையுதிர் காலத்தில், பசுவுக்கு வைக்கோல் வெட்டும்போது கத்தி லெப்ரெக்டின் வலக்கையில் மூன்று விரல்களைக் கொண்டுபோய்விட்டது.

காயம் ஆறுவதற்குள் ஊர்த்தலைவர் நிக்கோல் ஹோப் வந்து அடுப்பருகே உட்கார்ந்தார். அவருடைய அக்கா மருமகன் வாத்தியார் வேலைக்குப் படித்துவிட்டுச் சும்மா இருந்தான். போதாததற்கு ஹோப்புக்கும் லெப்ரெக்டுக்கும் ஞாயிறுதோறும் ஒரு சண்டை. பாட்டின் ஒவ்வொரு அடியையும் மூச்சு தீரும்வரை ஹோப் இழுப்பார். ஊரும் அவரோடு சேர்ந்து இழுக்கும். லெப்ரெக்டின் ஆர்கனோ அதற்குள் அடுத்த அடிக்குப் போயிருக்கும்.

"ரெண்டு விரல வச்சிக்கிட்டு என்னத்தய்யா வாசிப்பீரு? மூக்குப்பொடி போடத்தான் ஆகும்," என்றார் ஹோப்.

"பொடி எனக்கு ஆகாது தலைவரே. குருத்தோலை ஞாயிறு வரைக்கும் தவணை குடுங்க. அன்னிக்கு வாசிக்கலேன்னா வீட்டுச் சாவிய நானே கொண்டாந்து தர்றேன்."

அதுவரை ஆர்கன் இல்லாமலே பாடுவதென்று சபை ஒத்துக்கொண்டது.

பனிக்காலம் முழுக்க, பள்ளி விட்டதும் கணவனும் மனைவியும் கோயிலுக்குப் போனார்கள். ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்தியை மிதிக்க ரோசினா. இடக்கை துணைச்சுரங்களைப் பிடித்துக்கொள்ளட்டும், ஆர்கனுக்குக் கீழே காலால் மிதிக்கிற கட்டைகளில் மெட்டையே வாசித்துவிடலாம் என்பது லெப்ரெக்டின் முடிவு. கீழ்ச்சுரம் மட்டுமே பழகிய கால், மெட்டு என்றதும் முரண்டு பிடித்தது. குளிரில் பாதம் மரத்தது. அவர் விடவில்லை.

"ஏங்க, கரடி ஏணி ஏறுற மாதிரில்ல இருக்கு!" என்று துருத்தி மேலிருந்து ரோசினா கத்துவாள்.

"ஏறுதுல்ல? நீ மிதி!"

குருத்தோலை ஞாயிறு வந்தது. நிற்கவும் இடமில்லாமல் சனம். முதல் அடி முடிந்தது. லெப்ரெக்டின் கால் அடுத்த கட்டையைத் தேடிப் போய்ச் சேரவும், கீழே ஹோப்பின் மூச்சு தீரவும் சரியாக இருந்தது. அடுத்த அடியும் அப்படியே. அந்த ஊரில் ஆர்கனும் சனமும் ஒன்றாகப் பாட்டை முடித்தது அன்றைக்குத்தான்.

ஆர்கன் இருந்த மாடத்தின் படிக்குக் கீழே ஹோப் காத்திருந்தார். "இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான்யா நீரு ஒழுங்கா வாசிச்சீரு!"

"அப்போ சாவி?"

"உம்மகிட்டயே இருக்கட்டும். அக்காகிட்ட வாங்கிக் கட்டிக்கிறது என் பாடு."

வீடு போய்ச் சேரும்வரை ரோசினா சிரித்தாள். லெப்ரெக்ட் சிரிக்கவில்லை. மெதுவாக வாசிக்க அவர் நினைக்கவே இல்லை. கால் அவ்வளவுதான் ஓடியது. மறுநாள் பள்ளி விட்டதும், "கெளம்பு, துருத்திக்குப் போவோம்," என்றார்.

எட்டு வாரம் கழித்து, பெந்தெகொஸ்தே திருநாளன்று ஹோப் மூன்றாம் அடியை இழுத்துக்கொண்டிருந்தபோது லெப்ரெக்டின் கால் நான்காவதில் இருந்தது. ஹோப் மாடத்தை அண்ணாந்து முறைத்தார். ஆனால் மூச்சை மட்டும் குறைக்கவில்லை.