கப்பி மீன் விட்ட அழகம்மா

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திவிடும், புத்தி பிறகுதான் வரும். இதை என் மனைவி சிவலட்சுமி ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாள் என்பதால் நான் மறைக்க ஒன்றும் இல்லை. வவுனியாவில் நெல் அவித்துக் குத்தும் மில் ஒன்றை இருபது வருடத்துக்கு மேலாக நடத்திவருகிறேன். இந்த நகரத்தில் நான் நன்றி சொல்லவேண்டிய ஆட்களை வரிசைப்படுத்தினால், மில்லுக்குக் கடன் தந்த வங்கிக்காரருக்கும் முன்னால் ஓர் ஆள் நிற்கிறார். நகரசபையில் கான் என்கிற தெருவோரச் சாக்கடைகளைத் துப்புரவு செய்யும் அழகம்மா.

எழுபத்தேழுக் கலவரத்தின்போது மாத்தளைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து தகப்பனோடும் இரண்டு தகரப் பெட்டிகளோடும் வந்து இறங்கியவர். மிளகாய்த் தோட்டங்களில் கூலி வேலை செய்தார். கல்யாணம் முடித்தார். ஒரே மகள் பிரேமிளாவுக்கு நான்கு வயதாக இருக்கும்போது புருசன் மலேரியாக் காய்ச்சலில் செத்துப்போனார். அடுத்த மாதமே அழகம்மா நகரசபையில் நாட்கூலியாகச் சேர்ந்தார். நான் சொல்லப்போவது தொண்ணூற்றேழாம் ஆண்டுக் கதை. அப்போது அவர் சேர்ந்து பதினொரு வருடம். இத்தனை காலம் எங்களுக்குள் இருந்தும் அவருடைய தோட்டப் பேச்சு மாறவில்லை, வேலையும் நிரந்தரமாகவில்லை.

மலேரியா கடுமையாக இருந்த அந்த நாட்களில், நுளம்புக் குஞ்சுகளைத் தின்பதற்காகக் கான்களிலும் கிணறுகளிலும் கப்பி மீன் விடச் சொல்லி வாளி வாளியாகக் கொடுத்தார்கள். சின்னி விரல் நகத்தளவு மீன். மற்றத் தொழிலாளர்கள் முதல் கானிலேயே வாளியைக் கவிழ்த்துவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விடுவார்கள். அழகம்மா அப்படியில்லை. தன் பொறுப்பில் இருந்த நீளக் கானில் பதினேழு மதகுகள். ஒவ்வொரு மதகடியிலும் பத்துப் பத்தாக எண்ணி விட்டார். விட்டதோடு நிற்கவில்லை. வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளும் குனிந்து குனிந்து பார்த்து, ஒரு கொப்பியில் மதகு இலக்கத்தைப் போட்டு, பக்கத்தில் ‘இருக்கு’, ‘இல்லை’ என்று எழுதி வைத்தார். அப்படி எழுதும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அந்தக் கொப்பி சுகாதாரப் பரிசோதகர் நிரஞ்சனின் கையில் கிடைத்ததுதான் எனக்குப் பிடித்த சனி. மில்களில் இருந்து கானுக்கு வரும் கழிவுநீரைச் சோதிப்பதென்றால் போத்தலில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே கொழும்புக்கு அனுப்பவேண்டும். போர்க் காலம், வழியில் ஒவ்வொரு இராணுவச் சோதனைச் சாவடியிலும் பெட்டியைத் திறந்து, போத்தலை மணந்து பார்த்து, இது என்ன என்று விசாரித்து அனுப்பினால், போய்ச் சேரும்போது ஐஸும் இருக்காது, சோதனையும் செல்லாது. இரண்டு தரம் முயன்று களைத்துப்போயிருந்த அந்தப் பொடியனுக்கு அழகம்மாவின் கொப்பி கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. ஒன்பதாம் மதகு வரைக்கும் எப்போதும் ‘இருக்கு’. பத்திலிருந்து பதினான்கு வரை, திங்கட்கிழமைகளில் மாத்திரம், ‘இல்லை’; மேலேயிருந்து மீன் இறங்கி வந்த பிறகு மற்ற நாட்களில் ‘இருக்கு’. ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் இருப்பது என் மில்.

எங்கள் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். புழுங்கல் அரிசிக்கு நெல்லைத் தொட்டியில் இரண்டு நாள் ஊறப்போடுவோம். அந்தத் தண்ணீர் மஞ்சளாகி நுரைத்துப் புளித்துவிடும். அதைக் குழியில் விட்டு, மண்டி அடியில் தங்கிய பிறகு மேல் தண்ணீரை மட்டும் கானுக்கு விடவேண்டும் என்பது நகரசபை உரிமத்தில் போட்ட நிபந்தனை. என் குழி மண்டி நிறைந்து மேடாகி வருடக்கணக்கு. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில், கான் வேலைக்காரர் வராத நாளாகப் பார்த்து, நேரே திறந்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சமும் குற்ற உணர்வு இருக்கவில்லை. அரிசி கழுவிய தண்ணீரை மாட்டுக்கு வைக்கிற சாதி நாங்கள். நெல் ஊறிய தண்ணீர் கழிவு என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

ஒரு திங்கட்கிழமை காலை அழகம்மா மில் வாசலுக்கு வந்தார். கொப்பி கமக்கட்டில் இருந்தது.

“மொதலாளி, நேத்து தொட்டிய நேரா கான்ல தெறந்துவிட்டீங்களா?”

“நான் திறக்கேல்லை. அப்பிடித் திறந்தாலும் அது மாடு குடிக்கிற தண்ணி. அதிலை மீன் சாகுமே?”

அவர் மதகடியில் போய்க் குந்தியிருந்து பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். அந்த எழுத்துத்தான் என்னைக் கிளப்பிவிட்டது. பிரேமிளா என் மில் முற்றத்தில் நெல் காயவைக்கும் வேலை செய்துகொண்டிருந்தாள்.

“உன்ரை மோளும் இஞ்சைதான் வேலை செய்யிறாள். அது ஞாபகம் இருக்கட்டும்” என்றேன்.

“இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு, எழுதியதை முடித்துக்கொண்டுதான் போனார்.

இரண்டு நாளில் நகரசபையிலிருந்து அறிவித்தல் வந்தது. பதினான்கு நாளுக்குள் குழியைத் திருத்தாவிட்டால் வழக்கு. எனக்குத் தலைக்கேறிவிட்டது. பிரேமிளாவை நிறுத்தப்போனேன், சிவலட்சுமி விடவில்லை. அந்த ஆத்திரத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு நகரசபைச் செயலாளருக்குக் கடிதம் எழுதினேன். மாதம் ஒரு மூட்டை அரிசி தந்தால் கொப்பியில் நல்லபடி எழுதுவதாக அழகம்மா என்னிடம் கேட்டார், நான் மறுத்ததால் பழிவாங்குகிறார் என்று. அப்பட்டமான பொய். அவர் என்னிடம் ஒரு பிடி குறுநெல்கூடக் கேட்டதில்லை.

பொய்யைச் சொல்ல நான் தேர்ந்தெடுத்த நேரமும் அப்படி. அந்த வருடம் நாட்கூலிகளில் ஆறு பேரை நிரந்தரமாக்கப் பெயர்ப்பட்டியல் போட்டிருந்தார்கள். அழகம்மாவின் பெயர் இரண்டாவது. என் கடிதத்துக்குப் பிறகு, விசாரணை முடியும்வரை அவரைக் கானிலிருந்து எடுத்துச் சந்தை கூட்டப் போட்டார்கள். பட்டியலிலும் பெயரை நிறுத்தி வைத்தார்கள். கடிதத்தில் மில் முதலாளி என்கிற பெரிய மனிதனின் கையெழுத்து இருந்ததால் என் அறிவித்தலும் விசாரணையோடு தள்ளிப்போனது. அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாகவே இறங்கியது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த நேரம் மூத்த மகள் பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். வீடும் மில்லும் ஒரே வளவுதான். பேரனுக்கு இரண்டு மாதம். தாய்ப்பால் போதாமல் மாப்பால் கரைத்துக் கொடுத்தோம். பிள்ளைக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்து, சுகப்படுத்திக்கொண்டு வந்தால், மூன்றாம் நாள் திரும்பவும் தொடங்கியது. தண்ணீரைக் கொதிக்கவைத்தே பால் கரைத்தோம். போத்தலைக் கழுவியது பச்சைத் தண்ணீரில் என்பதை யாரும் யோசிக்கவில்லை. தண்ணீர் எப்படி என்று டொக்டர் கேட்டதற்கு, எங்கள் வளவுக் கிணறு வவுனியாவிலேயே முதல்தரம் என்று மார்தட்டினேன். இரண்டாம் தரம் ஆஸ்பத்திரியால் வந்தபோது பிள்ளையின் தொடை என் பெருவிரல் தடிப்பத்துக்கு மெலிந்திருந்தது. நான் பயந்துவிட்டேன். வீட்டில் ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் நடமாடினோம்.

அடுத்த நாள் காலை அழகம்மா வந்தார். ஒரு கையில் இரண்டு ஹோர்லிக்ஸ் போத்தல்கள் வைத்த பை, போத்தல்களுக்குள் கப்பி மீன்; மற்றக் கையில் ஒரு தண்ணீர்க் கலன். பிள்ளையின் கதையைப் பிரேமிளா போய்ச் சொல்லியிருக்கிறாள். வாசல் படலையில் என்னைக் கண்டதும் நின்றார். நான் வாயைத் திறக்க முன் சிவலட்சுமி முன்னால் போய், “வாங்கோ” என்று கூட்டிக்கொண்டு வந்தாள்.

இரண்டு வாளி கேட்டு வாங்கினார். ஒன்றில் எங்கள் கிணற்றுத் தண்ணீர். மற்றதில் தன் வீட்டுப் பக்கத்துக் குழாய்க்கிணற்றிலிருந்து கலனில் கொண்டுவந்திருந்த தண்ணீர். இரண்டிலும் ஐந்தைந்து மீன் விட்டு நிழலில் வைத்தார். காலை எட்டு மணி. சந்தை வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். பத்து மணிக்கு எங்கள் வாளி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பன்னிரண்டுக்கு மூன்று செத்து மிதந்தன. ஒரு மணிக்கு ஐந்தும். மற்ற வாளியில் ஐந்தும் ஓடித் திரிந்தன.

பிறகு அவர் என்னைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கான் மதகு சிறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரேயடியாகத் திறந்துவிடும் தண்ணீர் முழுவதும் அதற்குள் போகவில்லை. அரைவாசி திரும்பி வந்து, மேடாகிப்போன என் குழியைச் சுற்றி நின்று, மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. அந்த இடத்திலிருந்து கிணற்றுக்கு எட்டு அடி. வேறு யாராவது இந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு மிடறு குடித்திருந்தால் உடனே துப்பியிருப்பார்கள். புளித்த ஊறல் மணத்துக்குள்ளேயே வருடக்கணக்கில் இருந்த எங்கள் மூக்குக்கும் நாக்குக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

“பாத்திரம் கழுவக்கூட இந்தத் தண்ணிய எடுக்காதீங்க. புள்ளைக்குக் குழாய்க்கெணத்துத் தண்ணிய நான் பிரேமிளாகிட்ட குடுத்துவிடுறேன்” என்றார் அழகம்மா.

கடைசியில் ஒன்று கேட்டேன். “நான் உனக்குச் செய்ததுக்குப் பிறகும் ஏன் வந்தனி?”

“ஒங்க மேல எனக்குக் கோவம் இருக்குதுங்க. அதுக்குப் புள்ள என்னா பண்ணும்?”

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கம் தாங்க முடியவில்லை. பேரனுக்கு அன்றிலிருந்து வேறு தண்ணீர். பத்து நாளில் பிள்ளை தேறி, பால் போத்தலைக் கண்டால் கால் உதறத் தொடங்கினான்.

நானோ இன்னும் நகரசபைக்குப் போகவில்லை. குழியைத் தோண்டுவதற்கு மேசனைப் பிடித்தேன், போரால் கட்டுப்பாட்டில் இருந்த சீமெந்துக்கு அனுமதி எடுத்தேன், எல்லாம் செய்தேன். பொய் சொன்னேன் என்று போய்ச் சொல்ல மட்டும் கால் வரவில்லை. ஊருக்குள் இருக்கிற பேர் என்னாவது? பட்டியல் மாத முடிவில் கொழும்புக்குப் போகிறது என்று தெரிந்தும் நாளைக்கு நாளைக்கு என்று கடத்தினேன். இருபத்தெட்டாம் திகதி சிவலட்சுமி என் வெள்ளைச் சேர்ட்டை இஸ்திரி போட்டு மினுக்கிக் கதிரையில் விரித்துவிட்டு, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள். அதற்குமேல் எனக்கு வழி இருக்கவில்லை.

செயலாளருக்கு முன்னால் எழுத்தில் கொடுத்தேன். முந்திய கடிதம் பொய், அழகம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டி திறந்தவன் நான். அவர் வாசித்துவிட்டு, இதை வைத்தே உங்கள்மேல் வழக்குப் போடலாம் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அழகம்மாவின் பெயர் பட்டியலில் திரும்பவும் ஏறியது; என்மேல் வழக்குப் போட்டார்கள், தண்டம் கட்டினேன். மில் ஐந்து கிழமை மூடிக் கிடந்தது. மூன்று அறை வைத்துக் குழி கட்டினோம். நிரஞ்சன் வந்து சரி என்ற பிறகுதான் திறக்க விட்டார்கள். திரும்பவும் கானுக்கு வந்த அழகம்மா, நிரஞ்சனின் கையெழுத்தை நம்பாமல், தன் மீனையும் விட்டுப் பார்த்தார். பத்தாம் மதகுக்கு ‘இருக்கு’ என்று எழுதும்வரை அவருக்குப் பக்கத்திலேயே நின்றேன். சின்ன வயதில் பள்ளிக்கூடச் சோதனை முடிவு பார்க்கப் போனபோதுகூட எனக்கு நெஞ்சு அப்படி அடித்ததில்லை.

அடுத்த கிழமை அவர் வேலை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் நியமனப் படிவம்.

“இருங்கோ” என்று கதிரையைக் காட்டினேன். அவரை நான் ‘ங்கோ’ போட்டுப் பேசியது அதுதான் முதல்தரம். அவர் இருந்தார்.

“ரெண்டு நற்சான்றிதழ் வேணுமாம். சொந்தக்காரவுங்ககிட்ட வாங்கக் கூடாது, நல்லா தெரிஞ்சவுங்களா இருக்கணுமாம். கோயில்ல ஒண்ணு வாங்கிட்டேன். மத்தத நீங்க எழுதிக் குடுங்க.”

“என்னட்டையோ கேக்கிறியள்?”

“நான் எப்பிடி வேல செய்யிறேன்னு ஒங்களவிட யாருக்குத் தெரியும்?”

என் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கடுதாசி தேடுகிற சாட்டில் உள்ளே போனேன். நேர்மையானவர், கடமை தவறாதவர் என்று வழமையாக எழுதும் வசனங்களை எழுதிப் பார்த்தேன். எல்லாரைப் பற்றியும் எல்லாரும் எழுதுவது அது. கிழித்துப்போட்டுவிட்டு வேறு எழுதினேன்: ‘இவரைப் பதினொரு வருடமாக அறிவேன். கானுக்குள் கள்ளமாகக் கழிவுநீர் விட்டு இவரை ஏமாற்ற முடியாது. நான் முயன்று பார்த்தவன்.’ கீழே கையெழுத்து வைத்து, மில் முத்திரையும் குத்திக் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தேன்.

அழகம்மா அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு, திகதி போடவில்லை என்று சொல்லித் திருப்பித் தந்தார்.