வாய் மட்டும் பாக்கி

எனக்கு வயிற்றில் புண் என்று டாக்டர் சொல்லி, ரோஸ் கலர் மருந்து ஒன்று எழுதிக்கொடுத்தார். காரம், காபி, கவலை மூன்றையும் குறைக்கச் சொன்னார். என் கூட்டாளியைக் குறைக்கச் சொல்லவில்லை. எரிச்சல் அங்கேயிருந்துதான் வருகிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அவனும் நானும் ஓவியக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். முடித்ததும் நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார் ஆனேன். அவன் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போட்டோ ஸ்டுடியோ வைத்தான். பிழைப்பு எப்படிப் போனாலும் தினமும் கொஞ்சமாவது வரைய வேண்டும் என்று சபதம் செய்துகொண்டோம். அவன் வரைந்தான். நான் சபதத்தை ஞாபகம் வைத்திருந்தேன்.

அவன் மனைவி காய்ச்சலில் இறந்துபோனார். சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு திண்டாடினான், அழுதான், அதற்கு நடுவிலும் வரைந்தான். மகள் தூங்குகிற முகம் மட்டுமே ஒரு கட்டு இருக்கும். அப்புறம் கோரிப்பாளையம் சிக்னலில் பைக்கோடு விழுந்து வலது கையை ஒடித்துக்கொண்டான். பார்க்கப் போகிற வழியில், சாமி மன்னிக்கணும், எனக்குள் ஒரு சின்ன நிம்மதி. கட்டுப் பிரிக்கிறவரை நாங்கள் இருவரும் சமம். போய்ப் பார்த்தால் கட்டிலில் சாய்ந்துகொண்டு இடது கையால் வரைந்துகொண்டிருக்கிறான். அது என் வலது கைப் படத்தைவிட நன்றாக இருந்தது. இதை எந்த மனுஷன் பொறுத்துக்கொள்வான்? அவனுக்கு வாங்கிப்போன ஆரஞ்சில் ரெண்டை நானே உரித்துத் தின்றுவிட்டு வந்தேன்.

எனக்கும் தடங்கலுக்குக் குறைச்சலில்லை. மாமனாருக்குப் பக்கவாதம், தேர்தல் வேலை, தங்கச்சி மகள் காதுகுத்து, விளாங்குடியில் வீடு கட்டியது. ஒவ்வொன்றையும் வாசல் வரை போய் வரவேற்று உட்கார வைத்தேன். தடங்கல் வராத ஞாயிற்றுக்கிழமைகளில், வரப்போகிற தடங்கலுக்காகக் காத்திருந்தேன்.

இதற்கெல்லாம் நடுவில் ஒரே ஒரு படத்தை மட்டும் உண்மையாகவே முடிக்க ஆசைப்பட்டேன். அப்பா படம்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் உட்கார்ந்ததே இல்லை. வீட்டிலும் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பார், பேசிக்கொண்டே இருப்பார். எதிரே உட்கார வைத்தால் ஒரு நிமிஷத்தில் கால் ஆடும், அடுத்த நிமிஷம் ஆளே இருக்க மாட்டார்.

“அப்பா, அசையாம இருங்கப்பா.”

“நான் என்ன சிலையாடா? சீக்கிரம் டிக்கெட்டப் போடு, எறங்கணும்.”

நெற்றி, கண், மூக்கு எல்லாம் எப்படியோ வந்துவிட்டது. வாய் மட்டும் வரவில்லை. அது ஓய்ந்தால்தானே? ஒருநாள் எரிச்சலில், “உங்களை வச்சு ஒண்ணும் வரைய முடியாது, போங்க” என்று கத்திவிட்டு, கேன்வாஸை பீரோவுக்குப் பின்னால் தள்ளினேன். அதை மாட்டுகிற ஸ்டாண்டில் என் மனைவி துண்டு காயப்போட்டாள்.

போன வருஷம் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். பதினாறாம் நாள் விசேஷத்தில் படத்திறப்பு வைப்பதாக முடிவானது. “வீட்லயே ஆர்ட்டிஸ்ட் இருக்கான், படத்துக்கு வெளிய எதுக்குப் போகணும்?” என்றார் சித்தப்பா.

கேன்வாஸை வெளியே எடுத்தேன். வாயைப் பார்த்து வரைய அடையாள அட்டை போட்டோதான் கிடைத்தது. அதில் வாய் மூடியிருந்தது. மூடின வாய் எங்கள் அப்பாவுடையதே இல்லை. துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்துகொண்டே இருக்க, எழுந்து எழுந்து உட்கார்ந்து ஒருவழியாக முடித்தேன். தள்ளி நின்று பார்த்தால் சித்தப்பா மாதிரி இருந்தது. உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு எப்படி மாலை போடுவது? வாயை மட்டும் அழித்துவிட்டேன்.

விசேஷத்தன்று காலையில் கூட்டாளி வந்தான். கையில் பேப்பர் சுற்றின ஒரு ஃபிரேம். பிரிக்கும்போதே என் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. வெறும் பென்சில் படம். அப்பா வாய் பாதி திறந்திருக்கிறது. யாரையோ ‘உள்ள போ, உள்ள போ’ என்று விரட்டப்போகிறார்.

வேறு வழியில்லாமல் அதைத்தான் திறந்தோம். அத்தை ஓடிவந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “எம்மருமகன் கை இருக்கே! எங்கண்ணனப் பேச வச்சுட்டான்!”

கூட்டாளி வாய் நிறைய வடையோடு நின்றான். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாராட்டைக்கூட எனக்கு அவன்தான் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

“அத்தே, நான் வரையல. இவன் வரைஞ்சது.”

“அப்ப நீ இம்புட்டு நாளா என்னத்தத்தான் வரைஞ்ச?”

“என்னைய வரைஞ்சு வச்சிருந்தான், நான் பாத்தேன்” என்றார் சித்தப்பா.

கூட்டாளியைத் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் இழுத்துப் போனேன். “எங்கப்பாவ நீ எங்கடா பாத்து வரைஞ்ச?”

“கடைக்கு வருவாரு மாப்ள. பாஸ்போர்ட் போட்டோ ஸ்டூல்ல உக்காருவாரு.”

“எதுக்கு?”

தயங்கினான். “பழகுறதுக்கு. ‘எம்மகன் முன்னாடி காலு நிக்க மாட்டேங்குது தம்பி, கத்துறான். நீங்க வரையற மாதிரி வரைங்க, நான் உக்காந்து பழகிக்கிறேன்’னாரு. கடைசியில நல்லா உக்காந்தாரு. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. நீ கூப்பிடும்போது பொசுக்குன்னு உக்காந்து உன்னைய அசத்தணுமாம்.”

நான் கூப்பிடவே இல்லை.

அதற்குப் பிறகும் எனக்கு வந்தது பொறாமைதான். ஒத்திகை முழுக்க அவனுக்கு. எனக்காக அசையாமல் உட்கார்ந்த அப்பாவைப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான்.

மாசம் ஒன்று கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கேன்வாஸைத் தூக்கிக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். அப்பா உட்கார்ந்து பழகியபோது வரைந்த பென்சில் படங்களையெல்லாம் அவன் எடுத்து வரிசையாகச் சுவரில் ஒட்டினான். எல்லாவற்றிலும் அப்பா பேசிக்கொண்டிருந்தார். கால் மட்டும்தான் பழகியிருக்கிறது போல. அதே ஸ்டூலில் உட்கார்ந்து வாயை ஆரம்பித்தேன். போட்டோ எடுக்க ஆள் வந்தபோதெல்லாம் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, திரும்ப உட்கார்ந்தேன்.

“ஏன்டா இந்த ஆட்டம் ஆடுற? உங்கப்பாவே தேவல” என்றான்.

மனைவி போன் செய்தாள், மோட்டார் ஓடவில்லையாம். எப்போதும் என்றால் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். “கொஞ்ச நேரஞ் செண்டு வாரேன்” என்று சொல்லிவிட்டுக் கீழுதட்டை முடித்தேன்.

கூட்டாளி என் பின்னால் வந்து நின்றான். படத்தையே பார்த்தான். அவன் முகத்தில் லேசாகப் பொறாமை தெரிந்தது. கடையில் வெளிச்சம் கம்மி, சரியாகத் தெரியவில்லை என்றும் சொல்லலாம். தெரிந்ததாகவே நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.