ஈர்க்குச்சி கொண்டு வந்தவர்கள்

சுங்கை பட்டாணியில் எங்கள் பேரங்காடியை மூடுவதற்காகக் கோலாலம்பூரிலிருந்து சந்திரன் என்ற அதிகாரி வந்தார். எண்பதுகளின் நடுவில், ஊர் ஊராக அந்தக் கம்பெனியின் கிளைகள் மூடப்பட்டுக்கொண்டிருந்த நேரம். நான் அங்கே ஸ்டோர் கீப்பர். வந்த அன்றே அவர் வாசலில் ஒரு போர்டு மாட்டச் சொன்னார்: 'குளோசிங் சேல். விற்ற பொருள் மாற்றித் தரப்படாது.'

மற்ற செக்‌ஷன்களுக்கு அது வெறும் போர்டு. காலணி விற்கும் பிலோமினா அக்காவின் சப்பாத்து செக்‌ஷனுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி.

ரப்பர் தோட்டத்துத் தாய்மார்கள் பள்ளிச் சப்பாத்து வாங்கப் பிள்ளைகளைக் கூட்டி வர மாட்டார்கள். எல்லாருக்கும் பஸ் காசு கொடுத்துக் கட்டுபடியாகுமா? ஒவ்வொரு பிள்ளையின் பாத நீளத்துக்கும் ஓர் ஈர்க்குச்சியை ஒடித்து, கைக்குட்டையில் முடிந்து கொண்டு வருவார்கள். அக்கா குச்சியைச் சப்பாத்துக்குள் விட்டுப் பார்ப்பார்.

"உக்கார வச்சு அளந்தியா, நிக்க வச்சா?" என்று கேட்பார்.

நின்றால் பாதம் நீளும் என்பதால், உட்கார வைத்து அளந்திருந்தால் ஒரு சைஸ் கூட்டித் தருவார். வெறுங்காலில் ஓடும் பிள்ளைக்குப் பாதம் அகலம். அது குச்சியில் தெரியாது. அதனால் எல்லாரிடமும், "பத்தலன்னா கொண்டாம்மா, மாத்தித் தரேன்" என்பார். அந்த வார்த்தையை நம்பித்தான் பாடாங் செராயிலிருந்துகூட பஸ் ஏறி வந்தார்கள்.

போர்டு ஏறிய பிறகு, குச்சியோடு வந்தவர்களை, "புள்ளைய கூட்டியாம்மா" என்று அக்கா திருப்பி அனுப்ப ஆரம்பித்தார். பெட்டிகள் அப்படியே கிடந்தன. சந்திரனுக்குக் கோபம்.

"அக்கா, ஸ்டாக் போகணும்லா. புது சூப்பர்மார்க்கெட்ல ஆள் எடுக்குறாங்க. உங்க பேரக் குடுக்கலாம்னு இருந்தேன்."

"சார், பத்தாத சப்பாத்த வித்துட்டு நம்ம கெளம்பிருவோம். அந்தப் புள்ள வருஷம் பூரா என்ன செய்யும்?"

"அது கம்பெனி பிரச்னை இல்ல."

அக்கா கணவரை இழந்தவர். அந்த வேலை அவருக்கு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் அக்கா குச்சிக்காரர்களுக்கு விற்க ஆரம்பித்தார். மாற்றித் தருவேன் என்ற பழைய பேச்சோடு, வீட்டுக்கு வழியும் சொன்னார்: "மாதா கோயிலுக்குப் பின்னால, ரெண்டாவது வீடு." சந்திரன் காதில் அது விழுந்தது. பேர் கொடுக்கும் பேச்சு அத்தோடு போயிற்று.

கடைசி நாள், மிஞ்சிய சப்பாத்துகளில் எல்லா சைஸிலும் சில ஜோடிகளை அக்கா தன் சம்பளத்திலேயே வாங்கிக்கொண்டார். நான்தான் கடை வேனில் ஏற்றி அவர் வீட்டு ஹாலில் இறக்கினேன். "இதென்னக்கா பைத்தியக்காரத்தனம்" என்று திட்டிக்கொண்டேதான் இறக்கினேன்.

பள்ளி திறந்த வாரம் அவரைப் பார்க்கப் போனேன். புது சூப்பர்மார்க்கெட்டில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சுங்கை லாலாங் தோட்டத்துப் பெண் ஒருத்தி மகளோடு வந்திருந்தாள். அக்கா சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, அந்தப் பிள்ளையின் சப்பாத்து நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கழற்றிவிட்டுப் பெரிய ஜோடியை மாட்டிவிட்டார்.

பிற்பாடு எத்தனையோ டிரெய்னிங்குக்குப் போய்விட்டேன். வியாபாரத்தை நான் கற்றது அந்த ஹாலில்தான். கம்பெனி இருந்தாலும் போனாலும், வார்த்தை கொடுத்தவர்தான் அதைக் காப்பாற்ற வேண்டும். அக்காவை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது.

அன்று கிளம்பும் முன் அந்தப் பெண் சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தாள்.

"கடை இங்க மாறிருச்சாக்கா?"

"ஆமாம்மா," என்றார் அக்கா. "சப்பாத்து செக்‌ஷன் மட்டும்."