எதிர்க்கடை மாஸ்டர்

அன்று புதன்கிழமை. தோட்டத்திலிருந்து இறங்கி வரும் காலை பஸ் எங்கள் கடை வாசலில் நின்றது. அங்கே அதற்குத் தரிப்பிடமே கிடையாது. கொண்டக்டர் மிதிபலகையில் நின்றபடி, "நானா, வேலாயுதம் மாஸ்டர் போய்ட்டாருங்க. விடியக்காலம்பற நெஞ்சு வலிக்குதுன்னாராம். வண்டி புடிக்கக்கூட நேரம் குடுக்கல" என்று சொன்னார். பஸ் போய்விட்டது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தைத்துக்கொண்டிருந்த காற்சட்டையைத் தொடர்ந்து தைத்தேன். முடித்துப் பார்த்தால், இரண்டு பைகளையும் வாய் மூடித் தைத்து வைத்திருக்கிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பலாங்கொடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் போகும் சின்னத் தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு தையல் கடைகள் உண்டு. முஸ்லிம் அண்ணன் என்ற கணக்கில் ஊரார் நானா என்று கூப்பிடும் என்னுடையது ஒன்று. என் வாப்பா தொடங்கியது. மற்றது வேலாயுதம் மாஸ்டரும் அவருடைய மனைவி சரோஜா தங்கச்சியும் நடத்தியது. பத்தொன்பது வருடங்கள் நாங்கள் போட்டிக்காரர்கள். அவருக்கு அஞ்சலி எழுத இன்னும் நல்லவர்கள் இருப்பார்கள். ஆனால் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மாஸ்டர் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் கொழும்புக்குப் போய், ஒரு பெரிய தையல் கடையில் பொத்தான் கட்டுவதில் தொடங்கி, கோட் வெட்டும் வரைக்கும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். சரோஜா அப்போது கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். கலியாணத்துக்குப் பிறகு, பகலில் மலையில் நிற்பார், மாலையில் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து மாஸ்டர் வெட்டிய துணிகளுக்கு ஓரம் அடிப்பார். ஒரு வருடம் கழிந்ததும், "மாஸ்டர் தையலவிட சரோஜா தையல் தான் தெறிக்காம நிக்குது" என்று தோட்டத்தில் பேச்சு வந்ததாம். இதை என்னிடம் சொன்னவர் மாஸ்டர்தான். சொல்லிவிட்டு, தானே பரிசு வாங்கியவர் மாதிரி சிரித்தார்.

அவர்கள் எங்கள் தெருவுக்குக் கடை போட வந்த அன்று எனக்கு வந்த கோபத்தை எழுதினால் நீங்கள் என்னை மதிக்க மாட்டீர்கள். ஊரில் இத்தனை தெரு இருக்க, என் முகத்துக்கு நேரே வந்தா கடை போட வேண்டும்? முதல் நாள் சரோஜா ஒரு தட்டில் கேசரியோடு தெருவைக் கடந்து வந்தார். "நானா, வேற இடம் கெடைக்கலங்க. கோவிச்சுக்காதீங்க. நீங்க பெரிய வேலையெல்லாம் பாருங்க, நாங்க சின்னச் சின்ன வேலையோட இருந்துக்கறோம்" என்றார். கேசரியை வாங்கிக்கொண்டேன். ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. ஆறு மாதத்தில் ஊரிலிருந்த சாரி ஜாக்கெட் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. சின்ன வேலையாம்!

அவர்கள் வேலை செய்யும் முறை இதுதான். மாஸ்டர் அளவெடுப்பார், சோக்கால் கோடு போடுவார், வெட்டுவார். வெட்டியதைச் சுருட்டி, ஓரத் துணியால் கட்டி, மெஷின் பக்கம் தள்ளுவார். சரோஜா தைப்பார். ஒருவர் மேசைக்கு மற்றவர் போவதில்லை. போகாவிட்டாலும் குற்றம் கண்டுபிடிக்க இருவருக்கும் கண் போதும். "கொலர ஏன் இப்பிடி வெட்டுனீங்க, கழுத்தா, குழாயா?" என்று அங்கிருந்து வரும். "நீ தையி, நான் பாத்துக்கறேன்" என்று இங்கிருந்து போகும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடையில் தமிழ் ஆட்கள் நின்றால் இருவரும் சிங்களத்தில் சண்டை பிடிப்பார்கள். சிங்கள ஆட்கள் நின்றால் தமிழில். வந்தவர்களுக்கு விளங்கக் கூடாதாம். இந்த ஊரில் இரண்டும் தெரியாதவன் யார்? நிற்கிற எல்லோருக்கும் எல்லாம் விளங்கும். ஆனால் யாரும் காட்டிக்கொள்வதில்லை. சிலர் அதைக் கேட்பதற்காகவே ஒரு பொத்தானைப் பிய்த்துக்கொண்டு வருவார்கள் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது.

நாலைந்து வருடங்களுக்கு முன் மாஸ்டருடைய கண்ணில் புரை விழத் தொடங்கியது. யாருக்கும் சொல்லவில்லை. துணியைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வருவார். ஊசியில் நூல் கோக்கிற நேரத்தில் ஏதோ யோசிப்பவர் போல நிற்பார். தெரு நடுவில் சைக்கிள் நின்றால் அதற்கு வழி விட்டு ஒதுங்குவார். எனக்கு ஒரு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். வெட்டுகிறவருக்குக் கண் போனால் கடை எத்தனை நாளைக்கு?

ஆனால் அந்தக் கடையிலிருந்து ஒரு கோணல் சட்டைகூட வெளியே வரவில்லை. அது ஏன் என்று ஒரு நாள் பார்த்தேன். பத்து மணிக்கு மாஸ்டர் மூலைக்கடைக்குப் பிளேன்டீ குடிக்கப் போவார். அவர் தலை மறைந்ததும் சரோஜா மெஷினை விட்டு எழும்பினார். மேசையில் மாஸ்டர் கோடு போட்டு வைத்திருந்த துணி மேல் குனிந்தார். பிசகிய கோட்டைக் கையால் தட்டி அழித்தார். கடதாசி அச்சை வைத்துச் சரியான கோட்டைத் தடிப்பாகப் போட்டார். மாஸ்டர் மீசையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்தத் தடித்த கோட்டின் மேலேயே வெட்டினார். அன்றைக்கு மட்டுமல்ல, இரண்டு வருடங்கள் நாள் தவறாமல் இது நடந்தது. எனக்கு அந்தச் சந்தோஷம் எப்போது போனது என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகுதான் அந்த மாப்பிள்ளைக் கோட். பெல்மதுளைப் பக்கத்து சிங்கள வாத்தியார் ஒருவர், கலியாணத்துக்குத் தைக்கத் துணி கொண்டுவந்து கொடுத்திருந்தார். வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் அனுப்பிய துணி. இங்கே கடை கடையாக ஏறினாலும் அதில் ஒரு முழம் கிடைக்காது. கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, சரோஜா மார்போடு ஒரு பொதியை அணைத்துக்கொண்டு தெருவைக் கடந்து என் கடைக்கு வந்தார். கேசரித் தட்டுக்குப் பிறகு அன்றுதான் என் படி ஏறினார்.

"நானா, ரெண்டு கையும் எடது கையா வெட்டியாச்சுங்க."

தையல் தெரியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். ஒரு கையை வெட்டிய பிறகு, அச்சைப் புரட்டிப் போட்டுத்தான் மற்றக் கையை வெட்ட வேண்டும். புரட்ட மறந்தால் இரண்டும் ஒரே பக்கத்துக் கையாக வரும். அந்தத் துணிக்கு வெளிப்பக்கம் மினுக்கம், உள்பக்கம் மங்கல். திருப்பிப் போட்டும் தப்ப முடியாது.

"இரிங்க தங்கச்சி. யாரு வெட்டின?" என்று கேட்டேன்.

"நான் தாங்க கோடு போட்டேன். அவசரத்துல அச்சப் புரட்டல."

பின்னாலேயே மாஸ்டர் வந்துவிட்டார். "அவ பேச்சக் கேக்காதீங்க நானா. கத்தரி என் கையில தானே இருந்துச்சு? என் பெசகுதான்."

"உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க டீ குடிக்கப் போனா, நான் தான் அழிச்சுட்டு வேற கோடு போடுறது. ரெண்டு வருசமா." சொன்ன பிறகுதான் எதைச் சொல்லிவிட்டோம் என்று சரோஜாவுக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மாஸ்டர் சரோஜாவின் பக்கம் திரும்பினார். "எனக்குத் தெரியாதா சரோ? நான் போட்ட கோடே எனக்குத் தெரிய மாட்டேங்குது, நீ போட்டது மட்டும் பளிச்சுன்னு தெரியுது. நீ போட்டுக்கட்டும்னு தானே அர மணி நேரம் அங்க ஒக்காந்து, ஆறிப்போன டீயக் குடிச்சுட்டு வர்றேன். சொன்னா உன் மனசு நோகும்னு சொல்லல."

சரோஜா அழுதுவிட்டார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதை மறைப்பானேன். ஆனால் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிசகு யாருடையது என்று இருவரும் மறுபடி பிடித்துக்கொண்டார்கள். நான் தமிழ் பேசுகிற ஆள் ஆனபடியால் சண்டை சிங்களத்துக்கு மாறியது. நான் சத்தம் போட்டேன். "ரெண்டு பேரும் வாய மூடுங்க. மிச்சத் துணி எவ்வளவு ஈக்கிது, அதச் சொல்லுங்க."

கோட்டின் கை இரண்டு துண்டு. மேல் துண்டுதான் பார்வைக்கு. கீழ்த் துண்டு உடம்போடு ஒட்டிக் கிடக்கும். மிச்சத் துணியில், மிக நெருக்கிப் பிடித்தால், வலது கைக்கு ஒரு மேல் துண்டு தேறும். கீழ்த் துண்டுக்கு ஏற்கெனவே வெட்டியதையே உள்பக்கம் வெளியே வரப் புரட்டிப் போடலாம். மாப்பிள்ளை கையைத் தூக்கினால்தான் தெரியும். சரி, யார் வெட்டுவது? ஒரு நூல் தவறினால் கதை முடிந்தது. நான் கத்தரியை எடுத்தேன். மாஸ்டர் என் கையைப் பிடித்தார்.

"சரோ வெட்டட்டுங்க நானா. அவ கோடு எனக்குத் தெரியும்."

என் மேசையில், என் கத்தரியால், சரோஜா அந்தத் துண்டை வெட்டினார். வாப்பா போன பிறகு அப்படி ஒரு வெட்டை நான் பார்த்ததில்லை.

கோட்டைக் கொடுக்கும்போது நடந்ததை மறைக்க மாஸ்டர் சம்மதிக்கவில்லை. வாத்தியாரை உட்கார வைத்து, இரண்டு இடது கை, புரட்டிய துணி, எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னார். கண்ணைப் பற்றியும் சொன்னார். அந்த மனிதர் கோட்டைப் போட்டுப் பார்த்து, "கமக் நே மாஸ்டர்", பரவாயில்லை என்று தோளில் தட்டிவிட்டு, கலியாணம் முடியும் வரை கையைத் தூக்குவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். அடுத்த மாதம் மாஸ்டரைப் புரை எடுக்கும் கண் வெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான்.

பார்வை திரும்பியது. கடைசி வரைக்கும் மாஸ்டர் நன்றாகவே வெட்டினார். சரோஜாவும் வெட்டினார், ஆனால் ஆட்கள் இல்லாத நேரத்தில் மட்டும். "நீயும் முன்னுக்கு வந்து வெட்டேன் சரோ" என்று மாஸ்டர் பல தடவை சொல்லக் கேட்டிருக்கிறேன். "சனங்க மாஸ்டர் வெட்டுனாருன்னு தான் குடுக்குறாங்க. நான் கத்தரி புடிச்சா ஒடனே துணியத் திருப்பிக் கேப்பாங்க" என்பார் தங்கச்சி. அவர் சொன்னது பிழையில்லை.

மாஸ்டரை அடக்கம் செய்த மறுநாளே என் கடைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். "இனி அங்க யாரு வெட்டுறது நானா? எங்க துணிய எடுத்துட்டு வர்றோம், நீங்க தச்சுக் குடுங்க." கேகாலையில் கலியாணம் முடித்திருக்கும் மாஸ்டரின் மகளும், அம்மாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடங்களுக்கு முன் நான் எதைக் கேட்டு ஆத்திரப்பட்டேனோ, அது எல்லாம் தானாகவே என் வாசலுக்கு வந்தது. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. கருமாதி முடியும் வரை பொறுங்கள் என்று எல்லோரையும் அனுப்பினேன்.

கருமாதி முடிந்து வந்த திங்கட்கிழமை சரோஜா கடையைத் திறந்தார். ஐந்தாறு பேர் அவருக்கு முன்பே வந்து நின்றார்கள். அனுதாபம் சொன்னார்கள். பிறகு, தயங்கித் தயங்கி, துணியைக் கேட்டார்கள். தங்கச்சி அலுமாரியைத் திறந்தார். பொதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, யாருடையது என்று பார்த்து, கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பொதி போனபோது எனக்குப் பொறுக்கவில்லை. பெருநாளுக்கென்று எடுத்து வைத்திருந்த சட்டைத் துணியையும், அளவுக்கு ஒரு பழைய சட்டையையும் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

"தங்கச்சி, இத வெட்டித் தரணும்."

"என்னங்க நானா இது, நீங்களே தச்சுக்குவீங்களே?"

"தைப்பன். எனக்கு உங்களப் போல வெட்டு வராது."

நாற்பது வருடம் இந்தத் தெருவில் தையல்காரனாக இருந்தவன், ஊர் ஆட்கள் கேட்க இதைச் சொன்னேன். நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து மிச்சத்தையும் சொன்னேன். மாஸ்டருக்குக் கண் தெரியாமல் இருந்த இரண்டு வருடம் நீங்கள் எல்லோரும் போட்டது இவர் போட்ட கோட்டில் வெட்டிய உடுப்பு, ஒருவராவது குறை சொன்னீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். மாஸ்டர் இருந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

சரோஜா என் பழைய சட்டையை மேசையில் விரித்துத் தடவிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "நானா, இந்தச் சட்டையில ரெண்டு தோளும் ஒண்ணா இல்லியே. யாரு வெட்டுனது?"

"நான் தான்" என்றேன். கடையே சிரித்தது. தங்கச்சியும் சிரித்தார், கண் நிறைந்திருக்கச் சிரித்தார். பிறகு துணியை உதறி விரித்து, கோடு போட்டு, அத்தனை பேர் பார்க்க வெட்டத் தொடங்கினார். கடைசி வரைக்கும் நின்று பார்த்த ஓர் அம்மா, திருப்பி வாங்கிய தன் பொதியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குத் தர முடியுமா என்று கேட்டார்.

கேகாலைக்கு அவர் போகவில்லை. மகள் வந்து பார்த்துவிட்டு, இரண்டு நாள் இருந்து, பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

போன வெள்ளிக்கிழமை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிவாசலுக்குப் போனேன். என் வயதில் முதல் தடவையாக ஒரு சட்டை என் தோளில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. யாருடைய வெட்டு என்று மூன்று பேர் கேட்டார்கள். எதிர்க்கடையைக் காட்டிவிட்டேன்.

மாஸ்டர், நீங்கள் இருக்கும்போதே உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. என் கடையைவிட உங்கள் கடைதான் நல்ல கடை. இப்போதும் அப்படித்தான். நிம்மதியாகப் போய் வாருங்கள்.