பூட்ஸைக் கழட்ட ஒரு பொத்தான்

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு ராஜா இருந்தாராம், அந்த ராஜாவுக்கு லைன் போச்சுன்னா எனக்குத்தான் மெசேஜ் போடுவாராம். எங்கள் தொழிலின் கதை இப்படித்தான் தொடங்கும். மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில், நிறைய பேர் சேர்ந்து வேஷம் கட்டி விளையாடும் புது ஆன்லைன் கேம் ஒன்றை நடத்துகிறோம். பெயர் 'சுண்ணாம்புமலை நாடு'. நான் அதில் கேம் மாஸ்டர். அதாவது, புகார் கேட்பவன். வாடிக்கையாளரிடம் சிரித்துச் சிரித்தே கன்னம் வலித்துப்போன சக பாவிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கேமுக்குள் என் உருவம் ஒரு வெள்ளைக் கொக்கு. மனித உருவம் வரைய நேரமில்லை என்று முதலாளி குணா அண்ணே சொல்லிவிட்டார். என் குரலும் கொக்குக்கு ஏற்ற குரல்தான். சின்ன வயதில் தாத்தா பாட்டி சொன்ன கதைகளுக்கு 'உம்' கொட்டியே வளர்ந்ததால் அதைத் தாண்டிச் சத்தம் வராது.

குணா அண்ணே சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்து கட்டிய கேம் இது. கோலாலம்பூரில் இருக்கும் கூட்டுக் கம்பெனி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. மாதக் கடைசிக்குள் ஆட்கள் பாலத்தைத் தாண்டி இரண்டாவது நாட்டுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் கேமுக்குப் பிடிப்பில்லை என்று அர்த்தம், சர்வரை மூடிவிடுவார்கள். பாலத்தின் முன்னால் ஓர் அசுரன் காவல் நிற்கிறான். அவனை வெட்டினால்தான் வழி. சிக்கல் அங்கேதான்.

முதல் புகார்

முதல் புகார் சரோஜா அக்காவுடையது. கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை, கேமில் மருத்துவச்சி வேஷம். பூட்ஸைக் கழட்ட முடியவில்லை என்று எழுதியிருந்தார். காட்டில் பாம்பு உண்டு, பூட்ஸ் பாதுகாப்புக்குத்தான் என்று பணிவாகப் பதில் போட்டேன். பாம்பெல்லாம் இருக்கட்டும், கொக்குத் தம்பி கூட வா என்று பாலத்துக்குக் கூட்டிப்போனார்.

பெரிய மரத்தடியில் அசுரன் நின்றான். முறுக்கு மீசை, உருட்டு விழி, கையில் பாராங் கத்தி. எதிரே ஒரு கூட்டம் கைகூப்பி நின்றது. மீன் சமைக்க நாங்கள் கொடுத்த எலுமிச்சம்பழமெல்லாம் அவன் காலடியில் வரிசையாக இருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. தோட்டத்து எல்லையில் நிற்கும் முனியாண்டி அச்சு அசலாக அங்கே நின்றுகொண்டிருந்தார். படம் வரைந்த வெய் ஜியானிடம் ஓடினேன். அவன் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "வேலைக்கு வர்ற வழியில தினமும் பாக்குறேன்லா. எனக்கே பயமா இருக்கும். நல்ல மான்ஸ்டர்னு நினைச்சேன்."

அடி வாங்கும் வரிசை

அசுரன் சும்மா நிற்கிறவன் இல்லை. கிட்டே போனால் பாராங்கைத் திருப்பி ஒன்று போடுவான், பாதி உயிர் போய்விடும். இதைப் பார்த்தாவது கூட்டம் கலையும் என்று நம்பினோம். மறுநாள் பார்த்தால் அடி வாங்குவதற்கு வரிசை நிற்கிறது. பத்து காஜா என்ற ஊரிலிருந்து ஒரு குடும்பமே வந்து, பிள்ளைக்குப் பரீட்சை என்று அவனை முன்னால் தள்ளி அடி வாங்க வைத்துவிட்டுப் போனது.

கூட்டம் சேர்ந்த இடத்தில் காசிம் பாய் வந்துவிட்டார். ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். கேமிலும் அடி வாங்கியவர்களுக்கு உயிர் திரும்ப வைக்கும் மருந்தை விற்றார். 'சஞ்சீவித் தீர்த்தம்' என்று நான் யோசித்து வைத்த பெயரை, கடையில் இழுத்து ஆற்றித் தரும் டீயின் பெயரான 'தே தாரிக்' என்று மாற்றச் சொல்லி அவர் புகார். அசுரனை வெட்ட நீங்களாவது உதவக்கூடாதா பாய் என்று கேட்டேன். அவர் சொன்னது: "நான் கும்புடவும் வரல, வெட்டவும் வரல தம்பி. மழை பேய்ற மாதிரி கேம் செஞ்சிருக்கீங்க, மக்க உக்கார ஒரு பெஞ்சு செஞ்சீங்களா?"

ஒரே ஒரு வீரன்

கேமை நாங்கள் எழுதியபடி விளையாட வந்த ஒரே ஆள் ரகு. கல்லூரி மாணவன். நல்ல வாள், நல்ல கேடயம், முறையாகப் பயிற்சி. குணா அண்ணே அவனைத் திரையில் பார்த்துக் கண்கலங்கினார். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு கேமுக்குள் போய் அவன் பின்னால் நின்று பார்த்தோம்.

ரகு வெட்டினான். அசுரனின் உயிர் குறைந்தது, பிறகு ஏறியது. மறுபடி குறைந்தது, மறுபடி ஏறியது. மூச்சு வாங்க எனக்கு மெசேஜ் போட்டான்: "அண்ணே, நான் வெட்ட வெட்ட ஒரு அக்கா பின்னால நின்னு அதுக்கு மருந்து போட்டுக்கிட்டே இருக்காங்க. என்னைப் பாத்து, வீட்ல பெரியவங்க யாரும் இல்லையான்னு வேற கேக்குறாங்க. இது என்ன கேம்ணே?"

கொக்கு பேசியது

மாதக் கடைசி நெருங்கியது. ஆள் குறையவில்லை, கூடிக்கொண்டே போனது. ஆனால் பாலத்தைத் தாண்டியவர் ஒருவர்கூட இல்லை. விளையாடுகிறவர்களுக்குத் திருப்தி, கணக்கில் தோல்வி. குணா அண்ணே மதியச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தார். நீ போய்ப் பேசு, நான் பேசினால் அழுதுவிடுவேன் என்றார்.

கொக்காகப் போய் மைக்கில் பேசினேன். என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் சரோஜா அக்காவிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். நீங்கள் அந்தப் பக்கம் போகாவிட்டால் எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். இந்த மரம், சாமி, பாய் கடை எதுவும் இருக்காது. அக்கா சொன்னார்: "போகச் சொன்னா போலாம் தம்பி. வெட்டிட்டுப் போன்னு ஏன் சொல்றீங்க? எல்லை தாண்டுறப்ப உத்தரவு கேட்டுட்டுத்தானே போவோம்?"

உத்தரவு

நான் இதைப் போய்ச் சொன்னதும் குணா அண்ணே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அசுரன் என்றால் எதிர்க்க வேண்டும், விழ வேண்டும், அதற்காகத்தான் அவர் தூக்கம் கெட்டு அவனைச் செதுக்கினார். ஜன்னல் பக்கம் போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே பட்டறையில் யாரோ மோட்டாரை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் திரும்பி வெய் ஜியானிடம் சொன்னார்: "சரிலா. தலையாட்டச் சொல்லு. மீசைய மட்டும் சின்னதாக்கிடாத, அவருக்குக் கோவம் வரும்."

பாலம்

பூட்ஸைக் கழட்ட ஒரு பொத்தான் வைத்தோம். கழட்டிவிட்டு நின்றால் அசுரன் மெதுவாகத் தலையாட்டுவான், வழி திறக்கும். அவ்வளவுதான் மாற்றம். கோலாலம்பூரிலிருந்து கூட்டுக் கம்பெனிக்காரர்கள் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, சரோஜா அக்கா முதலில் போனார். பின்னால் மொத்த வரிசையும் வெறுங்காலோடு போனது. காசிம் பாய் பெஞ்சைத் தலையில் வைத்துக்கொண்டு போனார் (செய்து கொடுத்திருந்தோம்). சர்வர் இருக்கட்டும் என்று பதில் வந்தது. எல்லாரும் ஏன் செருப்பில்லாமல் போகிறார்கள் என்றும் கேட்டிருந்தார்கள். கேம் அப்படி என்று குணா அண்ணே பதில் போட்டுவிட்டு அன்றைய சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். முதல் வாய் வைக்கும்முன் அக்கரையிலிருந்து சரோஜா அக்காவின் புகார் வந்துவிட்டது: "தம்பி, இந்தப் பக்கம் எல்லையில யாரையும் காணோமே. காவலுக்கு யாரு?"

மரத்தடியில் ரகு மட்டும் மிச்சம் இருந்தான். வாளை உருவினான், அசுரனைச் சுற்றி ஒரு நடை நடந்தான். மருந்து போட இப்போது யாரும் இல்லை, நினைத்தால் வெட்டியிருக்கலாம். வாளை உறையில் போட்டுவிட்டு பூட்ஸைக் கழட்டினான். தலையாட்டல் கிடைத்ததும் என்னிடம், "அண்ணே, இத யாருகிட்டயும் சொல்லிடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் பாலத்தில் நடந்து மறைந்தான்.

புது ஆன்லைன் கேம் ஜெயிக்குமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: வாளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பூட்ஸைக் கழட்ட ஒரு பொத்தான் வையுங்கள்.