எண்பதாம் நம்பர் ஐந்து பேர்

கால்பந்து அணியில் இருக்கவும் வேண்டும், அடியும் படக்கூடாது என்றால் அதற்கு எழுத்தராகப் போவதுதான் வழி என்று யாராவது நினைத்திருந்தால், இதைப் படித்துவிட்டு விண்ணப்பம் போடவும்.

கோயம்புத்தூரில் பொருளாதாரம் படித்துவிட்டு, திருப்பூரில் ஓர் ஆண்கள் கல்லூரியின் விளையாட்டுத் துறையில் எழுத்தராகச் சேர்ந்தேன். கடிதம் தட்டச்சு செய்வது, ஆட்டம் நடக்கும்போது ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுப்பது, ஆண்டு மலருக்காகக் கால்பந்து அணியின் வரலாற்றைத் தொகுப்பது, இவைதான் வேலை. திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் தெருவில் எதிரே ஆள் வந்தால் மறு ஓரத்துக்குப் போய்விடுகிறவள் நான். கடையில் மீதிச் சில்லறை குறைந்தாலும் கேட்க மாட்டேன். அப்படிப்பட்டவளுக்குப் பதினோரு இளைஞர்கள் வந்து போகிற அறையில் மேசை போட்டுக் கொடுத்தார்கள். கூச்ச சுபாவத்தோடு உத்தியோகம் பார்க்கிற சகோதர சகோதரிகளுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையிருக்காது.

நிஜமான வரலாறு

வரலாறு எழுதப் பழைய குறிப்பேடு ஒன்றைக் கொடுத்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் சிக்கனமான எழுத்தாளர். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரே வரி: "பல்கலைக்கழகப் போட்டி. முதல் சுற்று. தோல்வி." பக்கத்தில் எதிரணி போட்ட கோல்களின் எண்ணிக்கை. ஒரு வருடம் ஏழு, ஒரு வருடம் ஒன்பது. இன்னொரு வருடத்துக்கு நேரே "எண்ணவில்லை" என்று இருந்தது. நான் பொருளாதாரம் படித்தவள் ஆயிற்றே, எல்லாவற்றையும் வருட வாரியாக அட்டவணை போட்டு, தோல்வியின் வளர்ச்சியைத் தெளிவாகக் காட்டி, நான்கு பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எங்கள் உடற்பயிற்சி ஆசிரியரை எல்லோரும் டைரக்டர் என்றுதான் சொல்வோம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் எழுதியதை நின்றபடியே படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அம்மிணி, நீங்க எழுதுனது அத்தனையும் நெசமுங்க. அதுதான் சங்கடம். தோத்தாங்கன்னு எதுக்குங்க? கலந்துக்கிட்டாங்கன்னு எழுதுங்க. அதுவும் நெசந்தானுங்களே?"

தொலைந்த பொருள்

பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு, கட்டுத்துணி, அயோடின் எது வேண்டுமானாலும் ஆட்டக்காரர்கள் என் மேசைக்கு வந்து கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். வருவார்கள், போடுவார்கள், போவார்கள். நான் நிமிர மாட்டேன். குனிந்திருக்கிற கண்ணுக்கு என்ன தெரியுமோ அதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பையன்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். பூட்ஸ் போட்டால் பந்து எங்கே படுகிறது என்றே தெரியவில்லை என்பார்கள். கையெழுத்தையும் காலையும் சேர்த்துச் சேர்த்துப் பார்த்து, ஒரே மாதத்தில் பதினோரு பேரையும் கணுக்காலுக்குக் கீழே மனப்பாடம் செய்துவிட்டேன். தோசை மாதிரித் தட்டையாக இருந்தால் கோல்கீப்பர் முத்துசாமி. வலது பெருவிரல் நகம் கறுத்திருந்தால் துரைசாமி, பனியன் கம்பெனி முதலாளி மகன். இடது காலில் இரண்டாம் விரல் பெருவிரல் மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டையும் சேர்த்து நீல நிறப் பனியன் வேஸ்ட் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தால் ஆரோக்கியம்.

தெருவில் யாராவது ஒரு பையன் வணக்கம் சொன்னால், கீழே பார்த்த பிறகுதான் பதில் வணக்கம் சொல்வேன். ஒருநாள் முத்துசாமி கட்டுத்துணி வாங்க வந்தவன், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாமல் நின்றான். பிறகு அவனும் குனிந்து என் மேசைக்கு அடியில் பார்த்தான். "ஏனுங்கக்கா, நீங்க வேலைக்குச் சேந்ததுலிருந்து கீழயே பாத்துட்டு இருக்கறீங்க. ஏதாச்சும் தொலைச்சுட்டீங்களா? சொன்னீங்கன்னா நாங்க பதினோரு பேரும் சேந்து தேடித் தர்றமுங்க."

புதுச் சட்டை

அந்த வருடம் அணிக்குப் புதுச் சட்டை தைத்துத் தருவதாகத் துரைசாமியின் அப்பா சொல்லியிருந்தார். பெருமாநல்லூர் ரோட்டில் அவருடைய கம்பெனி. டைரக்டர் அறைக்குள் நாடாவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பையனின் மார்பையும் அளந்து உரக்கச் சொன்னார். நான் கதவுக்கு வெளியே, சுவரைப் பார்த்து உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். இடது பக்கம் பெயர், வலது பக்கம் மார்பளவு. அங்குலம் போய் சென்டிமீட்டர் வந்திருந்த புதிது, அதனால் எல்லாம் எழுபத்தைந்து, எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு. முதுகில் போட வேண்டிய ஒன்று முதல் பதினொன்று வரையிலான எண்களைத் தனியாக ஒரு தாளில் அடித்தேன். அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில் கார்பன் காகிதங்களுக்கு நடுவே பத்திரமாகத் தங்கிவிட்டது.

ஆட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சட்டைகள் வந்தன. பளபளவென்று மஞ்சள். முதுகில் எண்களைக் கறுப்புத் துணியில் வெட்டி, ஓரம் மடித்து, அவ்வளவு சுத்தமாகத் தைத்திருந்தார்கள். எழுபத்தைந்து இரண்டு பேர். எண்பத்தைந்து மூன்று பேர். கோல்கீப்பர் தொண்ணூறு. மீதி ஐந்து பேரும் எண்பது. டைரக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போலத் தரையைப் பார்த்தேன். சட்டைகளைக் கொண்டுவந்திருந்த கம்பெனி மேஸ்திரி மட்டும் நிமிர்ந்து நின்றார்: "லிஸ்ட்டுல பேருக்கு நேரா என்ன நம்பர் இருந்துச்சோ அதத்தானுங்க போட்டிருக்கறோம். ஆயிரம் டஜன் போனாலும் எங்க கம்பெனியில ஒரு நம்பர் மாறாதுங்க."

ஒன்றே ஒன்று

ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பதற்காகத் தேர்வாளர் ஒருவரும் குடையோடு வந்திருந்தார். என் நாற்காலியை எங்கள் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் போடச் சொன்னார் டைரக்டர். "பந்து இங்கதானுங்க இருக்கும்" என்றார். நடுவர் முதல் ஃபவுலுக்கு விசில் அடித்து, "எண்பது!" என்று கூப்பிட்டார். ஐந்து பேர் கையைத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் எண்ணைச் சொல்லிக் கூப்பிடவே இல்லை, விரலை மட்டும் நீட்டினார்.

இடைவேளைக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. சட்டையின் மஞ்சள் சாயம் எல்லாம் இறங்கி இடுப்புக்குப் போனது. களிமண் முகத்துக்கு ஏறியது. யார் யார் என்று பெற்றவர்களுக்கே தெரிந்திருக்காது. முத்துசாமி இரண்டு தடவை பந்துக்குப் பாய்ந்து சேற்றில் குப்புற விழுந்தான். இரண்டு தடவையும் பந்து அவனைத் தாண்டிக் கோல் கோட்டுக்குப் போனது. இரண்டு தடவையும் ஒரு கால் எங்கிருந்தோ நீண்டு பந்தைத் திருப்பி அடித்தது. என் நாற்காலிக்கு ஆறடி தள்ளி. அந்தக் காலைக் குறிப்பேட்டில் எழுதினேன். கடைசியில் ஒரே ஒரு கோல் வாங்கித் தோற்றோம். டைரக்டர் மழையில் நனைந்தபடி ஓடி வந்தார். அவர் கண்ணில் இருந்தது மழைத்தண்ணீர் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். "ஒண்ணுதானுங்க அம்மிணி! ஒண்ணே ஒண்ணு! இந்தக் காலேஜ் கட்டுனதுலிருந்து இத்தன கம்மியா நாம தோத்ததே இல்லீங்க!"

முதல்வருக்கு ஒரு கடிதம்

பத்து நாளில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டாம் பாதியில் கோல் கோட்டிலிருந்து இருமுறை பந்தை வெளியேற்றிய எண்பதாம் எண் ஆட்டக்காரரைப் பயிற்சி முகாமுக்கு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும். எங்கள் கல்லூரியிலிருந்து அதுவரை ஒருவரையும் கேட்டதில்லை. முதல்வர் எண்பதுகளையும், கூடவே டைரக்டரையும் குறிப்பேட்டோடு என்னையும் தம் அறைக்கு வரச் சொன்னார். எண்பதுகளில் நான்கு பேர் வந்தார்கள், துரைசாமி உட்பட. நால்வருமே நல்ல பையன்கள், பொய் சொல்கிறவர்கள் இல்லை. நால்வருமே தான்தான் அடித்ததாக மனப்பூர்வமாக நம்பினார்கள். அந்த மழையில் எல்லோரும் காலை வீசிக்கொண்டுதான் இருந்தார்கள். டைரக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சட்டை குடுத்த ஊட்டுப் பையன், துரைசாமியவே அனுப்பீரலாமுங்களா?" என்றார். முதல்வர் பேனாவைத் திறந்தார்.

ஐந்தாவது எண்பது ஆரோக்கியம். ஒரு வாரமாகக் கல்லூரிக்கே வரவில்லை. அவனுடைய அப்பா அவனைத் தான் வேலை செய்கிற பனியன் கம்பெனியிலேயே, துணி பின்னுகிற நிட்டிங் மெஷினில் நிறுத்திவிட்டார் என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். என் மடியில் குறிப்பேடு இருந்தது. முதல்வருக்கும் எனக்கும் நடுவே நான்கடி. அங்கிருந்த தட்டச்சு யந்திரத்தில் ஒரு தாளைச் செருகி, "பெறுநர்: முதல்வர் அவர்கள். மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி, முறைப்படி ஒரு கடிதம் அடித்தேன். சத்தத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். கையெழுத்துப் போட்டு நீட்டினேன். முதல்வர் உரக்கப் படித்தார்: "மேற்படி இரு முறையும் பந்தை அடித்தது, நீலத் துணி கட்டிய இடது கால் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." நால்வரும் தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். "யார் கால் அது?" என்றார் முதல்வர். அதற்கு இன்னொரு கடிதம் அடிக்க நேரமில்லை. "ஆரோக்கியம்ங்க சார்" என்றேன். அந்த அறையில் நான் பேசிய முதல் வார்த்தை அது.

"வராத பையனா? நாளைக்கு அவன் பேரை அடித்துவிடுவதாக இருந்தேனே" என்றார் முதல்வர். துரைசாமி என்ன சொல்வானோ என்று அவன் கறுத்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தலையைச் சொறிந்தான். "அக்கா சொன்னா சரியாத்தானுங்க சார் இருக்கும். எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சுங்க. பந்து என்னயத் தாண்டிப் போனது நல்லா ஞாபகம் இருக்குது. திரும்பி வந்ததுதானுங்க ஞாபகம் இல்ல."

கம்பெனியில்

மறுநாள் வியாழக்கிழமை. அனுமதிப் படிவத்தில் ஆரோக்கியத்தின் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் முகாமும் இல்லை, முதல்வர் சொன்னபடி கல்லூரியும் இல்லை. டைரக்டர், நேரில் பார்த்த சாட்சி என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனார். பேச வேண்டியவர் அவர்தான். ஆனால் கம்பெனிக்குள் நுழைந்ததுமே பஞ்சுத்தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இருமத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை, படிவத்தை என் கையில் திணித்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

வட்ட வட்டமான மெஷின்கள் வரிசையாக இரைந்து சுற்றிக்கொண்டிருந்தன. ஆரோக்கியத்தின் அப்பா சூசை அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் தலையெல்லாம் பஞ்சோடு ஆரோக்கியம். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அவர் காதில் கையை வைத்துக் காட்டினார். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். "பந்த ஒதைக்கறதுக்கு யூனிவர்சிட்டி எதுக்குங்க?" என்று அவர் கத்தியது மட்டும் கேட்டது. இவன்தான் அடித்தான் என்று எப்படித் தெரியும், இத்தனை மழையில் யார் பார்த்தார்கள் என்றும் கேட்டார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு, பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்த சத்தத்தையெல்லாம் திரட்டிக் கத்தினேன். அந்த நொடியில் டீ வேளைக்காக மெயின் சுவிட்சை நிறுத்தினார்கள். மெஷின்கள் அத்தனையும் அடங்கின. அந்த அமைதியில், ஐம்பது பேருக்கு நடுவே, என் குரல் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது: "உங்க பையன் காலை நான் ரெண்டு மாசமாப் பாத்துட்டு இருக்கேனுங்க!"

எங்கோ ஒரு டீ டம்ளர் விழுந்தது. ஆரோக்கியம் மெஷினுக்குப் பின்னால் மறைந்துகொண்டான். எனக்கும் அங்கே இடமிருந்தால் போயிருப்பேன். வேறு வழியில்லாமல், குறிப்பேட்டைத் திறந்து, எழுதியிருந்ததை அப்படியே படித்தேன். முதல் தடவை எப்படி அடித்தான், இரண்டாம் தடவை விழுந்தபடியே எப்படி அடித்தான் என்று. சூசை மகனைக் கூப்பிட்டு, "ஏண்டா, நீயா அடிச்சே? ஊட்டுல ஒரு வார்த்த சொல்லலியே?" என்றார். "நானேதான் அடிச்சேன்னு எப்படீங்கப்பா சொல்றது?" என்றான் அவன். கூச்சம் என்னும் வியாதிக்கு எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்தது அப்போதுதான் தெரிந்தது. சூசை மகனின் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வாரமா இவன் கையில நூலு நிக்கமாட்டேங்குதுன்னு நானு வஞ்சுட்டு இருக்கறேனுங்க. காலு நல்லா நிக்குதுன்னு சொல்ல ஒருத்தரு இத்தன பேருக்கு நடுவுல வந்து கத்தறாங்கன்னா, போய்ட்டு வரட்டுமுங்க. பேனாவக் குடுங்க கண்ணு."

ஆரோக்கியம் அந்த வருடம் பல்கலைக்கழக அணிக்கு ஆடினான், அணியின் வரலாற்றில் அதை ஒரு வரியாக எழுதிச் சேர்த்தேன், கால்பந்தில் எனக்கு ஏற்பட்ட ஒரே காயமான தொண்டைக்கட்டு நான்காம் நாள் ஆறிவிட்டது.